வாழைநாரும் வெல்டிங் பட்டறையும்

ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் பூச்சந்தை கூடும் நேரத்தில், பூவை விட்டுவிட்டுப் பூக்கட்டும் கையைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்கலாம். தண்ணீரில் நனைத்த வாழைநார் மடியில் கிடக்கும். ஓர் இழையை இழுத்து, இரண்டிரண்டு பூவாக வைத்து, முடிச்சை இறுக்கி, பேச்சை நிறுத்தாமலே முழம் முழமாகக் கட்டிக்கொண்டு போவார்கள். நூலில் கட்டினால் பூ சீக்கிரம் வாடும், நாரில் ஈரம் நிற்கும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

அந்த நார் தார் வெட்டி முடிந்த வாழையின் மட்டையிலிருந்து உரித்தது. அதே வாழையின் இலை மெஸ்ஸுக்குப் போயிருக்கும். தார் காந்தி மார்க்கெட் மண்டிக்கும், பூவும் தண்டும் காய்கறிக் கடைக்கும் போயிருக்கும். முகூர்த்த நாள் என்றால் குலையோடு மரமே கல்யாண மண்டப வாசலுக்குப் போயிருக்கும். மிச்சம் மாட்டுக்கும் மண்ணுக்கும். தோட்டக்காரர், இலை அறுப்பவர், மண்டிக்காரர், பூக்கட்டும் பெண்கள், அர்ச்சனைத் தட்டுக் கடைக்காரர், மாடு, மண்புழு என்று இந்த வரிசையில் இருக்கிற யாரும் கூடிப் பேசி ஏற்பாடு செய்துகொண்டதில்லை. ஆனால் ஒருவரின் மிச்சம் அடுத்தவரின் முதலாகி, சங்கிலி தினமும் நடக்கிறது.

இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1935-இல் ‘எகோசிஸ்டம்’ என்று பெயர் கொடுத்தார். சூழல் மண்டலம் என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்வது அதைத்தான். செடியையும் பூச்சியையும் மட்டும் பார்த்தால் போதாது, மண், நீர், வெயில், காற்று என்ற உயிரற்றவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்பதே டான்ஸ்லியின் வாதம். தொல்காப்பியத்தின் திணைக் கணக்கும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் மரம், பறவை, விலங்கு, உணவு, பறை, மக்களின் தொழில் எல்லாம் ஒரே பட்டியலில் கருப்பொருள். நெல்லும் எருமையும் உழவும் சேர்ந்தால்தான் மருதம். மனிதனின் பிழைப்பை நிலத்திலிருந்து பிரித்து வைக்காத அந்தப் பார்வை இன்றைக்கும் உதவுகிறது.

1993-இல் ஜேம்ஸ் மூர் என்பவர் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’ இதழில் ஒரு கட்டுரை எழுதி, இந்தச் சொல்லை வணிகத்துக்குள் கொண்டுவந்தார். ஒரு நிறுவனம் தனியாக வளர்வதில்லை, அதற்குப் பொருள் தருபவர், வாங்குபவர், போட்டியாளர் எல்லோரும் சேர்ந்தே வளர்கிறார்கள் அல்லது தேய்கிறார்கள் என்றார். அதன் பிறகு சொல்லுக்குக் கால் முளைத்துவிட்டது. செல்போனுக்கு ஒரு எகோசிஸ்டம், சினிமாவுக்கு ஒன்று, ஸ்டார்ட்அப்புக்கு ஒன்று. எந்தத் தொழில் மாநாட்டுக்குப் போனாலும் மேடையில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை காதில் விழும். காட்டுக்கும் குளத்துக்கும் பிறந்த சொல் கம்பெனிக்குப் பொருந்துமா என்று சோதித்துப் பார்க்க ஓர் ஊர் வேண்டுமென்றால், திருச்சியைவிட நல்ல ஊர் கிடைக்காது. ஆறு, தீவு, கோயில், பாய்லர் தொழிற்சாலை, புதிதாக முளைக்கும் நிறுவனங்கள் எல்லாம் இங்கே ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கின்றன.

ஆற்றிலிருந்து தொடங்கலாம். அகண்ட காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே ஸ்ரீரங்கம் தீவு. கிழக்கே கல்லணைக்கு அருகில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. பார்க்க இயற்கையாகத் தெரியும் இந்த அமைப்பு, நூற்றாண்டுகளாக மனிதர்கள் தாங்கிப் பிடித்து வைத்திருப்பது. கொள்ளிடம் தாழ்வானது, சரிவும் அதிகம். காவிரியின் படுகையில் வண்டல் மேடிட மேடிட, தண்ணீர் தஞ்சைக்குப் போகாமல் கொள்ளிடத்தில் இறங்கி வீணாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1836-இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். டெல்டாவின் நெல் பிழைத்தது. கரிகாலனின் கல்லணை, காட்டனின் மேலணை, 1934-இல் வந்த மேட்டூர் அணை என்று ஒன்றன்மேல் ஒன்றாக மனிதக் கை பட்ட ஆறு இது.

2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளம் போய்க்கொண்டிருந்தபோதே மேலணையின் கொள்ளிடக் கதவணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. அதே மாதம் திருவானைக்காவல் பக்கத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலமும் தூண்கள் சரிந்து விழுந்தது. வருடக்கணக்கில் அளவில்லாமல் மணல் அள்ளிப் படுகை தாழ்ந்துபோனதுதான் காரணம் என்று விவசாயிகளும் சூழல் ஆர்வலர்களும் குற்றம் சாட்டினார்கள். பின்னர் முக்கொம்பில் புதிய கதவணை எழுந்தது.

மணலுக்கு உயிர் இல்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் என்னவெல்லாம் போகும் என்று கணக்குப் போட்டால் டான்ஸ்லி சொன்னது விளங்கும். ஆற்று மணல்தான் வெள்ளத்தை உள்ளே வாங்கி, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. திருச்சி மாநகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் சேகரிப்புக் கிணறுகள் காவிரி, கொள்ளிடம் மணலுக்குள்தான் இறங்கியிருக்கின்றன. கரையோரத் தோட்டத்தின் போர்வெல்லில் நீர் நிற்பதும் அந்த மணலால்தான். நாணல் காடு, அதில் ஒதுங்கும் மீன், மீனைத் தேடி வரும் நீர்நாய், எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. மணலை லோடு கணக்கில் விலை போட்டு விற்றவர்கள் இந்த வேலைகளுக்கெல்லாம் விலை போடவில்லை.

நகரத்துக்குள் ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு வேறு கதை. முதலாம் ராஜராஜன் காலத்தில் வெட்டியது. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி ஊருக்குள் வளைந்து, கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரியில் போய் முடிகிறது. ஆயிரம் வருடமாகப் பாசனம் தரும் வாய்க்கால், ஊரைக் கடக்கும்போது சாக்கடையையும் குப்பையையும் சேர்த்துச் சுமக்கிறது. இங்கேதான் விவசாயிகள் வாயில் எப்போதும் இருக்கும் ஒரு சொல் வருகிறது: கடைமடை. தலைமடையில் எவ்வளவு திறந்தார்கள் என்பதை அரசுக் குறிப்பு சொல்லும். கடைமடைக்கு வந்ததா, வந்த தண்ணீர் எப்படிப்பட்ட தண்ணீர் என்பதை அங்கே நிற்பவன்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ரீரங்கம் தீவின் மேற்கே மேலூர்ப் பக்கம், மேலணைக் காப்புக்காட்டில் 2015-இல் வனத்துறை ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் திறந்தது. விடுமுறை நாளில் குழந்தைகளோடு கூட்டம் அலைமோதும். பூச்சியைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் பூச்செடியைப் பார்ப்பார்கள். உண்மையான வேலை நடப்பது பக்கத்தில், கண்ணில் படாத செடிகளில். தேன் குடிக்க ஒரு வண்ணத்துப்பூச்சி பலவகைப் பூக்களுக்கும் போகும். முட்டையிட மட்டும் அதற்கென்று உள்ள செடியைத்தான் தேடும். எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும் வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு. ரோஜா அழகிக்கு ஆடுதீண்டாப்பாளை. ஆடுகூடத் தீண்டாத அந்தக் கசப்புக் கொடியைத் தின்றுதான் அதன் புழு வளர்கிறது. அந்த விஷமே அதைப் பறவையிடமிருந்து காப்பாற்றுகிறது. எருக்கையும் பாளையையும் களை என்று பிடுங்கிவிட்டு ரோஜாவும் செம்பருத்தியும் வைத்தால், பூச்சி வரும், குடிக்கும், போய்விடும். அந்த இடத்தில் பிறக்காது.

இதை மனதில் வைத்துக்கொண்டு திருவெறும்பூர் பக்கம் போனால், வேறொரு மண்டலம் புரியும்.

1960-களில் திருச்சிக்குக் கிழக்கே பொட்டல் காட்டில் அடுத்தடுத்துப் பெரிய நிறுவனங்கள் வந்தன. 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரி, இன்றைய என்.ஐ.டி. 1965-இல் செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு பெல் நிறுவனத்தின் உயரழுத்த பாய்லர் தொழிற்சாலை. 1966-இல் துப்பாக்கித் தொழிற்சாலை. அதற்கும் முன்பே, 1920-களின் கடைசியில், நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்துவிட்டது ரயில்வே பணிமனை. ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சினைச் செய்து அனுப்பும் பணிமனை அது. ஆக, இரும்பைப் பிடித்து வேலை செய்யத் தெரிந்த கைகள் பெல் வருவதற்கு முன்பே ஊரில் இருந்தன.

பாய்லர் என்றால் ஏதோ ஒரு பெரிய அண்டா என்று நினைக்கக் கூடாது. அனல்மின் நிலைய பாய்லருக்குள் குழாய்கள் மைல் கணக்கில் ஓடும். கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரு இணைப்பு விட்டாலும் நிலையமே நிற்கும். எனவே வெல்டிங்தான் உயிர். பெல் வளாகத்திலேயே 1975-இல் ஐ.நா. உதவியோடு வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது அதனால்தான். திருச்சிப் பட்டறைகளில் ‘சிக்ஸ்-ஜி வெல்டர்’ என்று சொன்னால் தனி மரியாதை. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தி வைத்துவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி வந்து, மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், மல்லாந்தும் குனிந்தும், ஒரே சீராக உலோகத்தை இறக்க வேண்டும். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஊசி முனையளவு குமிழிகள் இருந்தாலும் படத்தில் தெரிந்துவிடும். இந்தத் தேர்வில் தேறிய கைக்கு வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை காத்திருக்கும்.

பெல் எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. துவாக்குடி, அரியமங்கலம், மாத்தூர் என்று சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் அதன் ஆர்டரில் பிழைத்தன. பெல்லில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து பட்டறை போட்டவர்கள் உண்டு. பட்டறையைச் சுற்றி லாரி, கிரேன், ஆக்சிஜன் சிலிண்டர், எலெக்ட்ரோடு கடை, லேத், சாப்பாட்டுக் கடை, வாடகை வீடு. ‘எகோசிஸ்டம்’ என்று யாரும் அப்போது பேசவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்குப் பொருத்தமான தொழில் வட்டாரம் ஒன்றைக் காட்டச் சொன்னால், துவாக்குடியைக் காட்டலாம்.

குறை ஒன்றே ஒன்று: வேர் ஒன்று. 2010-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே புதிய அனல்மின் திட்டங்கள் மந்தமாயின. நிலக்கரித் தட்டுப்பாடு, கடனில் மாட்டிய தனியார் திட்டங்கள், சீன இயந்திரங்களின் போட்டி, அப்புறம் சூரிய மின்சாரம். டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் நடந்த மாற்றம் துவாக்குடிப் பட்டறையின் ஷட்டரை இறக்கியது. பல பட்டறைகள் மூடின. கற்றுத் தேர்ந்த வெல்டர்கள் ஊர் மாறினார்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து மெஷின் வாங்கியவர்களின் பாடு சொல்லி மாளாது.

திருச்சிக்கு இது புதிதல்ல. ஒரு காலத்தில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டும் வேலை இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு நடந்தது. வெளியிலிருந்து வரும் கல், திண்ணையில் சுழலும் சாணைத் தகடு, கல்லைப் பிடிக்கும் விரல் நுட்பம், வாங்கி விற்கும் வியாபாரி என்று முழுச் சங்கிலி இருந்தது. அமெரிக்கன் டைமண்ட் வந்தது, இயந்திரம் வெட்டிய மலிவான கல் வந்தது. பல்லாயிரம் விரல்களின் நுட்பம் ஒரு தலைமுறையில் கலைந்துபோனது. அந்தத் தொழிலாளர்களை ஏந்திக்கொள்ள வேறொரு தொழில் பக்கத்தில் தயாராக இல்லை.

வாழைத் தோட்டக்காரருக்கு இந்த ஆபத்து வேறு பெயரில் தெரியும். ரஸ்தாளியைப் பிடிக்கும் வாடல் நோய், மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும் ஒரு பூஞ்சை. வாழை பக்கக்கன்றிலிருந்து வருவதால் தோட்டம் முழுவதும் ஒரே தாயின் நகல். ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தும். உலகச் சந்தையை ஆண்ட கிரோ மிஷேல் என்ற ரகம் இந்த நோயால்தான் 1960-களுக்குள் ஏற்றுமதியிலிருந்து மறைந்து, கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. இப்போது கேவண்டிஷையே தாக்கும் புதிய வகைப் பூஞ்சை பரவி வருகிறது. திருச்சி தாயனூரில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நூற்றுக்கணக்கான வாழை ரகங்களைத் தேடிச் சேர்த்து உயிரோடு வைத்திருக்கிறது. பூவன், நேந்திரன், கற்பூரவல்லி, ஏலக்கி, மொந்தன் என்று பல ரகம் இருக்கிற வட்டாரம் ஒரு நோயில் முழுசாகச் சாயாது.

அமெரிக்காவிலும் இதே பாடம் நடந்தது. பாஸ்டன் நகருக்கு வெளியே ரூட் 128 சாலையோரம் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் தொழிலின் கோட்டை. கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு அதற்குப் போட்டி. அன்னாலீ சாக்ஸேனியன் என்ற ஆய்வாளர் இரண்டையும் ஒப்பிட்டு 1994-இல் ஒரு புத்தகம் எழுதினார். பாஸ்டன் பக்கத்துப் பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் மதிலுக்குள் வைத்துக்கொண்டன; கலிஃபோர்னியாவில் ஆட்கள் கம்பெனி மாறினார்கள், சின்ன நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பொருள் கொடுத்தன, ஒன்று தோற்றால் அதன் ஆட்களும் அனுபவமும் அடுத்ததற்கு உரமாயின. மினி கம்ப்யூட்டர் காலம் முடிந்தபோது ரூட் 128 தளர்ந்தது, பள்ளத்தாக்கு நிமிர்ந்தது.

துவாக்குடியிலும் சிலர் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். ரயில்வே, கட்டுமான இரும்பு, ஏற்றுமதி என்று ஆர்டரைப் பல பக்கம் பிரித்துக்கொண்ட பட்டறைகள் ஓடுகின்றன. பட்டறைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து பொதுவசதி மையம் அமைக்கும் முயற்சியும் நடந்தது; ஒருவரால் வாங்க முடியாத மெஷினைப் பலர் சேர்ந்து பயன்படுத்தும் வழி அது. 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கி வைக்கத் தேர்ந்தெடுத்த ஊரும் திருச்சிதான்; சென்னை, கோவை, ஓசூர், சேலம் ஆகியவற்றோடு இதுவும் ஒரு முனை.

புதிய மண்டலத்துக்கான செங்கலும் குறைவில்லை. நவல்பட்டில் 2010 முதல் எல்காட் ஐ.டி. பூங்கா இருக்கிறது. 2011-இல் ஐ.ஐ.எம். வந்தது. என்.ஐ.டி.யில் தொழில்முனைவோர் வளர்ப்பு மையம் இருக்கிறது. வாழை ஆராய்ச்சி மையத்திலும் வேளாண் தொழில் வளர்ப்பகம் இருக்கிறது. மாநில அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு ‘டான்சீட்’ திட்டத்தில் ஆரம்ப நிலை நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் தருகிறது. இருந்தும், என்.ஐ.டி.யில் படித்த பையன் பெங்களூருக்கு டிக்கெட் எடுக்கிறான். அவன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. இங்கே தேன் கிடைக்கிறது. முட்டையிடத் தகுந்த செடி இல்லை. போட்டியும் கருத்தரங்கும் பரிசுக் காசோலையும் ஒரு நாள் தேன். முதல் வாடிக்கையாளர், செய்த பொருளை நம்பி வாங்கும் ஒருவர், அவரிடமிருந்து சொன்ன தேதியில் வரும் பணம், இவைதான் எருக்கும் ஆடுதீண்டாப்பாளையும். பார்க்க அழகாக இருக்காது. திறப்பு விழாவுக்கும் ஆகாது.

இந்த ஊரில் இல்லாதது ஒன்றுமில்லை என்பதுதான் ஆதங்கம். வாழை மட்டை தோட்டத்தில் மக்கிக் கிடக்கிறது, நாரிலிருந்து துணியும் கைவினைப் பொருளும் செய்யும் நுட்பம் தாயனூரில் இருக்கிறது, மெஷின் செய்து தரும் கை துவாக்குடியில் சும்மா இருக்கிறது, கணக்குப் போடத் தெரிந்தவர்கள் ஐ.ஐ.எம்.மில் இருக்கிறார்கள். நான்கு பேரும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் போதிய அளவு சந்திப்பதில்லை. சாத்தார வீதியின் பூக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் நடுவே தானாக உண்டான இணைப்பு, இவர்களுக்கு நடுவே உண்டாகவில்லை.

சொல்லைக் கடன் வாங்கும்போது கவனமும் வேண்டும். காட்டில் பலவீனமான மான் புலிக்கு இரையாவது இயல்பு. அதைக் காட்டி, சிறு பட்டறை மூடுவதும் இயல்புதான், சந்தையின் விதி என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. மழை பெய்வதை யாரும் முடிவு செய்வதில்லை. ஆனால் ஆர்டர் யாருக்கு, பணம் எப்போது என்பதை மனிதர்கள் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். முக்கொம்பின் மதகை எவ்வளவு தூக்குவது என்று முடிவு செய்கிற மாதிரிதான் அதுவும்.

மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களும் துறைகளும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2012-இல் 20 சதவீதமாக வந்து, 2018-இல் உயர்ந்தது. ஸ்டார்ட்அப் நிறுவனங்களிடம் டெண்டர் இல்லாமலே நேரடியாக வாங்கத் தமிழக அரசுத் துறைகளுக்கு வழி இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்தச் சொல்லி மாநகராட்சியையும் கோயில் நிர்வாகத்தையும் பெரிய தொழிற்சாலைகளையும் கேட்பது யாருக்கும் சலுகை கேட்பதாகாது. பணத்தைச் சொன்ன நாளில் கொடுக்கச் சொல்வதும் அப்படித்தான். குறு, சிறு, நடுத்தர நிறுவன வளர்ச்சிச் சட்டம் 2006-இலேயே சொல்லிவிட்டது: சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டுவட்டி தர வேண்டும்.